மாடித்தோட்டத்துக்கு யூ.எஸ்.பி. மைக்ரோஸ்கோப்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெட்டியின் மேல் ‘1000 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். 2000 ரூபாய்க்குள் கிடைக்கும் இந்த வகைக் கருவிகளில் லென்ஸ் பெரிதாக்குவது கொஞ்சம்தான், மீதியைத் திரை இழுத்துக் காட்டுகிறது. ஆனாலும் சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பார்க்க இது போதும். அசுவினி சுமார் 2 மில்லிமீட்டர், இலைப்பேன் 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பூச்சியைப் பெரிதாகப் பார்ப்பதைவிட, மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் இதை அதிகம் பயன்படுத்துகிறேன்.

மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கினால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே செடியில் இருந்தால் இலை எப்படியெல்லாமோ கோணிக்கொண்டு நிற்கும். கொழுந்தைக் கிள்ளி மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். சிறகோரம் முழுக்க மயிரிழைகளோடு ஓடுவது இலைப்பேன். 0.2 மில்லிமீட்டர் அளவில், எட்டுக் காலோடு, கண்ணாடித் துணுக்குபோல் நகர்வது சிலந்தி. அது பூச்சி இனமே இல்லை, பூச்சி மருந்துகள் பலவற்றுக்கு அசையாது. தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூளுக்குக் கட்டுப்படும். ஆண் சிலந்தி, இன்னும் முதிராத பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு திரிவதைக்கூடப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் மங்கலாகத்தான்.

எனக்கு மிகவும் பயன்பட்டது கொய்யாவில்தான். இந்தியாவில் முதலில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கத் தென்னைகளில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, தொட்டிக் கொய்யாவையும் விடுவதில்லை. இலையடியில் மெழுகும் பஞ்சும் அப்பிக் கிடக்க, இலையின் மேற்புறத்தில் கரும்பூசணம். பார்த்தவுடனே தெளிப்பானைத் தூக்கத் தோன்றும். பொறுங்கள். மெல்லிய தூரிகையால் மெழுகைத் தள்ளிவிட்டுக் கூட்டுப்புழுக்களின் ஓட்டைப் பாருங்கள். வெள்ளை ஈ வெளியேறியிருந்தால் ஓடு ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் பிளந்திருக்கும். வட்டமாக ஓட்டை இருந்தால் உள்ளேயிருந்து வந்தது, வெள்ளை ஈயைத் தின்று வளரும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. வட்ட ஓட்டைகள் நிறைய இருந்தால் மருந்தைத் தொடவே மாட்டேன், வெறும் தண்ணீரைப் பீய்ச்சுவதோடு சரி. இந்த வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

அசுவினியிலும் இப்படித்தான். பழுப்பு நிறத்தில் உப்பிப்போய் அசையாமல் ஒட்டியிருப்பவை குளவி முட்டையிட்டவை. அவற்றை நசுக்காமல் விட்டுவிடுகிறேன். அவரைக்காயில் மொய்க்கும் கறுப்பு அசுவினி குட்டி போடுவதைத் திரையில் பார்ப்பது தனி வேடிக்கை. பின்பக்கம் முதலில் வரும், கடைசியில் தலை. வீட்டுப் பிள்ளைகள் இதற்காகவே கருவியைக் கேட்பார்கள்.

சரி, குறைகள். தாங்கி ஆடும். மேசையில் யாராவது கை வைத்தாலே படம் போய்விடும். அதனால் செடியோடு வைத்துப் பார்க்க முடியாது, இலையைப் பறித்துத்தான் ஆக வேண்டும். சுற்றியுள்ள எல்.இ.டி. விளக்குகள் மாவுப்பூச்சியின் வெள்ளை மெழுகில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். விளக்கின் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டியபின் பரவாயில்லை. ஆழத் தெளிவு மிகக் குறைவு. அசுவினியின் முதுகுக்குழாய் இரண்டும் தெளிந்தால் கால்கள் மறையும். ஓடும் இலைப்பேனை நிறுத்த, இலையை மூடிய டப்பாவில் போட்டுச் சில நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தால் போதும்.

உடன் வந்த கைப்பேசிச் செயலி முழுக்க விளம்பரம். கைப்பேசி மென்பொருள் புதுப்பித்த பிறகு அது திறக்கவே இல்லை, விற்றவரிடமிருந்து பதிலும் இல்லை. கணினியில் செருகினால் சாதாரண வெப்கேமராவாக வேலை செய்கிறது, அதோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்குபவர்கள் திருப்பியனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் கணினியில் ஒருமுறை செருகிப் பார்த்துவிடுங்கள். கூடவே 10 மடங்கு கைலென்ஸ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மாடியில் காலைச் சுற்றுக்கு அதுதான் என் சட்டைப்பையில் இருக்கிறது, மைக்ரோஸ்கோப் சந்தேகம் வந்தால் மட்டும்.