ஹெர்மியோன்: அப்பாவோடு ஒரு நாள்

2019 கோடையில் பிரான்சின் ரோஷ்ஃபோரில் இந்தப் போர்க்கப்பலைப் பார்த்தோம். அசல் ஹெர்மியோன் 1779-இல் இதே ஊரில் நீரில் இறங்கியது. நாங்கள் ஏறியது 1997-இல் கட்டத் தொடங்கிய அதன் மறுவடிவம்.

தச்சு வேலை செய்த அப்பா ஓக் பலகையின் இணைப்பைக் கட்டை விரலால் தடவியபடி பத்து நிமிஷம் நகரவே இல்லை. பீரங்கித் தளத்தில் குனிந்துதான் நடக்க வேண்டும். பன்னிரண்டு பவுண்டு குண்டு போடும் 26 பீரங்கிகளுக்கு நடுவே மாலுமிகள் எப்படித்தான் தூங்கினார்களோ!

1780-இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தை ஏற்றிக்கொண்டு 38 நாளில் அமெரிக்காவின் பாஸ்டன் போய்ச் சேர்ந்தது அசல் கப்பல். பிரெஞ்சுப் படை உதவிக்கு வருகிறது என்ற சேதியை, ஆங்கிலேயரோடு விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கத் தளபதி வாஷிங்டனுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அப்புறம் ஆங்கிலேயரின் ஐரிஸ் என்ற போர்க்கப்பலோடு மோதல், அடுத்த வருஷம் கனடாவின் லூயிபூர் அருகே கடற்சண்டை. இத்தனையும் தாங்கிய கப்பல் 1793-இல் பிரான்சின் லெ க்ருவாசிக் அருகே பாறையில் மோதி உடைந்தது. அதைக் கேட்டதும் அப்பா, "சண்டையில போகலியே" என்றார். எனக்கும் மனசு கனத்தது.

மறுவடிவக் கப்பலின் மரம் பூஞ்சை பிடித்ததால் அதை 2021-இல் பழுதுபார்க்கத் தெற்கே கொண்டுபோனார்கள். எங்கே நிற்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.