ஃபோர்ட் ஹண்ட் பூங்கா: படித்துவிட்டுப் போனால்தான் பலன்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னனுக்குப் பக்கத்தில் உள்ள பூங்கா இது. நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் 'அஞ்சல் பெட்டி 1142' என்ற ரகசிய முகவரியில் இங்கே 3,000-க்கும் அதிகமான ஜெர்மானியக் கைதிகள் விசாரிக்கப்பட்டார்கள். விசாரித்தவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பிய யூத அகதிகள். ஜெர்மனியில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த ரூடி பின்ஸ் அவர்களில் ஒருவர்.

அடி உதைக்கு இங்கே இடமில்லை. சதுரங்கம் ஆடியபடி, தாய்மொழியில் பேசியே தகவல் கறந்தார்கள். கைதிகள் தங்களுக்குள் பேசுவதை அறைகளில் மறைத்து வைத்த ஒலிவாங்கிகள் பிடித்தன. பேச்சுவழக்கு, கிண்டல், பள்ளிக்கூடப் பாட்டு என எல்லாமே தெரிந்த அகதிகளைவிட இந்த வேலைக்கு வேறு யார் பொருத்தம்? தங்கள் குடும்பங்களை அழித்த ஆட்சியின் வீரர்களிடம் அந்த நிதானத்தைக் காத்தது பெரிய விஷயம்.

பூங்காவில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். கண்ணில் படும் பெரிய கான்கிரீட் கட்டுமானங்கள் விசாரணை அறைகள் அல்ல. ஸ்பானிய-அமெரிக்கப் போர்க்கால பீரங்கி மேடைகள். விசாரணைக் கூடங்கள் போர் முடிந்ததும் இடிக்கப்பட்டுவிட்டன. நேராகக் கொடிமரத்துக்குப் போங்கள். இங்கே விசாரணை நடத்திய அமெரிக்க வீரர்களுக்கான நினைவுப் பலகை 2007-இல் அங்கேதான் வைக்கப்பட்டது.

அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை பதிவுசெய்த அவர்களின் நேர்காணல்களை முன்கூட்டியே படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புல்வெளியும் உணவு மேசைகளும்தான் தெரியும். இவ்வளவு பெரிய வரலாற்றுக்கு இங்கே ஓர் அருங்காட்சியகமே தகும்.