பங்கை வைத்துக்கொண்டு கேட்பதா, விற்றுவிட்டு விலகுவதா?

1971 மே மாதம், அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பங்குதாரர் கூட்டம். நிறவெறி ஆட்சி நடக்கும் தென்னாப்பிரிக்காவை விட்டு நிறுவனம் வெளியேற வேண்டும் என்று அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை தீர்மானம் கொண்டுவந்தது. கிடைத்த வாக்குகள் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டின. படுதோல்விதான். ஆனால் அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின இயக்குநரும் பாப்டிஸ்ட் போதகருமான லியோன் சல்லிவன், சக இயக்குநர்கள் பார்த்திருக்க எழுந்து தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். பங்கு கையில் இருந்ததால்தான் திருச்சபையால் அந்தக் காட்சியை உருவாக்க முடிந்தது.

உலகத் திருச்சபைகள் மன்றம் மறுபக்கம் போனது. தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் நிறுவனங்களில் தனக்கிருந்த பங்குகளை விற்றுவிட 1972இல் முடிவெடுத்தது. கை சுத்தம், செய்தியும் தெளிவு. ஆனால் விற்ற பங்கை வேறொருவர் வாங்கிக்கொள்வார். அவர் வாய் திறக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

அதற்காக உள்ளே இருந்து கேட்பதே மேல் என்றும் சொல்லிவிட முடியாது. கேட்டுக்கொண்டே இருப்பது ஒரு வசதியான பழக்கமாகிவிடும். அங்கே தொழில் செய்யும் அமெரிக்க நிறுவனங்களுக்கு 1977இல் நடத்தை விதிகள் வகுத்த சல்லிவனே, பத்தாண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு 1987இல் "வெளியேறுங்கள்" என்றார்.

என் நிலைப்பாடு: முதலில் கேட்க வேண்டும், கெடுவோடு. கெடு இல்லாத கேள்வியை எந்த நிர்வாகமும் மதிக்காது. விலகினாலே எல்லாம் நின்றுவிடாது: 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேறியபோதும் ஆலையை உள்ளூர் நிர்வாகத்திடம்தான் விற்றது. அங்கே கார்கள் தொடர்ந்து உருவாகின.