அடிஷாம் பங்களாப் படங்கள்: மட்டக்களப்பு ஸ்ரூடியோ ஒன்றின் அச்சு வேலை

அப்புத்தளையிலுள்ள அடிஷாம் பங்களாவில் எடுத்த படங்களை மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு ஸ்ரூடியோவில் பெரிய அளவில் அச்சிடக் கொடுத்திருந்தேன். கலியாண அல்பங்களும் கடவுச்சீட்டுப் படங்களுமே அங்கு அன்றாட வேலை. பழைய வீட்டையும் ஒழுங்குபடுத்திய தோட்டத்தையும் யாரும் அச்சிடக் கொண்டுவருவது அரிது.

சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய அந்த வீடு, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே இருப்பதால், கருங்கல் சுவர்களையும் முன்னாலுள்ள புல்தரையையும் பூப்பாத்திகளையும் மூடுபனி அடிக்கடி மறைத்துவிடும். அச்சுக்கூடத்துக்குச் சோதனை இந்தப் பனியில்தான் தொடங்குகிறது. தானியங்கித் திருத்தம் போட்ட இயந்திரம் மங்கலான படத்தைக் குறையுள்ள படமாகவே எடுத்துக்கொள்ளும்; வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான வேறுபாட்டைக் கூட்டும்போது பனி காணாமற்போய், கல் கரிபோலக் கறுத்துவிடும். அதோடு, மணமக்களின் முகநிறத்துக்காகச் சற்று மஞ்சளாக வைத்திருக்கும் அமைப்பில் மலைநாட்டுப் புல், நம்மூரில் கச்சான் காற்று வீசும் காலத்துப் புல்லைப்போலக் காய்ந்து தெரியும். திருத்தத்தை முழுவதும் நிறுத்தச் சொன்னபோது அங்கிருந்த தம்பி மறுபேச்சின்றிச் செய்தார். சிறிய மாதிரிப் பிரதி ஒன்றையும் முதலில் எடுத்துக் காட்டினார். சுவரின் சாம்பல் நிறமும் அதிற் படர்ந்த பாசியின் பச்சையும் தனித்தனியாக நின்றன. நிறத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

விளிம்பு வெட்டில்தான் வேலை சறுக்கியது. பல டிஜிட்டல் கமராக்கள் 3:2 விகிதத்தில் படம் எடுக்கின்றன. அதை 10×8 அங்குலத் தாளில் நிரப்பினால் நீளப்பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆட்களின் படமென்றால் அந்த இழப்பை யாரும் கவனிக்கமாட்டார்கள். இருபுறமும் சமமாகப் பாத்தி அமைத்து, நடுவே பாதை விட்ட தோட்டத்தில் ஒரு பக்கம் குறைந்தால், அந்தத் தோட்டத்தை வகுத்தவரின் எண்ணமே கெட்டுவிடும். ஸ்ரூடியோவில் கேளாமலே ஒருபக்கமாக வெட்டியிருந்தார்கள். சொன்னதும் 12×8 அளவில் மறுபடி அச்சிட்டுத் தந்தார்கள், மேலதிகக் கட்டணம் வாங்கவில்லை. எனவே கொடுக்கும்போதே அளவையும், வெட்டக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுப்பது நல்லது.

12×18 அங்குலப் பிரதியும் கூர்மையாகவே வந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதற்கு 3600×5400 புள்ளிகள் வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிவிடுமாதலால், மூலக்கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும்.

சட்டகம் போடும் வேலையை நான் அவ்வளவு மெச்சமாட்டேன். படத்தைக் கண்ணாடியோடு ஒட்டியே பூட்டுகிறார்கள். கடலும் வாவியும் சூழ்ந்த இந்த ஊரில், மாரிகாலத்து ஈரத்தில் படத்தாளின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டினால், பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது. இடையே மட்டை வைத்து இடைவெளி விடச் சொன்னால் செய்துதருகிறார்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், கொடுக்கலாம். தாளில் மினுங்கல், மங்கல் என இரண்டும் இருக்கின்றன. யன்னல் வெளிச்சம் விழும் சுவருக்கு மங்கல் தாளைக் கேளுங்கள்.