90 ரூபாய் பிரஷர் சென்சாரும் அப்பாவின் மட்ட டியூபும்

எம்பிஎஸ்20என்0040டி என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி ஸ்ட்ரீட்டில் "40 கேபிஏ (கிலோபாஸ்கல்) பிரஷர் சென்சார், மூக்கு வச்சது" என்றாலே எடுத்துத் தருகிறார்கள். ஒரு சின்ன டப்பா, ஆறு கால், மேலே காற்று போக ஒரு மூக்கு. எனக்கு 90 ரூபாய் ஆனது. கூடவே சென்சார் தரும் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக்கும் எச்எக்ஸ்711 போர்டு ஒன்று 80 ரூபாய். புரோகிராம் ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஏற்கெனவே இருந்தது. டிப்ளமோவில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மினி புராஜெக்டுக்காக இதை வாங்கி இரண்டு மாதம் இதோடுதான் மல்லுக்கட்டினேன். வாங்கலாமா அக்கா என்று கேட்கிற ஜூனியர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள். கூடவே உள்ளே தண்ணீர் தெரிகிற டியூப் ஒரு நாலு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த டியூப் வந்த பிறகுதான் என் சென்சார் அழுத்தம் அளக்க ஆரம்பித்தது. அதுவரை ஸ்க்ரீனில் ஏதோ எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

உள்ளே இருப்பது சிலிக்கானில் செய்த மெல்லிய சவ்வு. அதன்மேல் நாலு மின்தடை, சதுரத்தின் நாலு பக்கம் மாதிரி இணைத்த வீட்ஸ்டன் பிரிட்ஜாக. காற்று அழுத்தினால் சவ்வு வளையும், மின்தடை மாறும். சிலிக்கானுக்கு இந்தக் குணம் இருப்பதை 1954இல் பெல் ஆய்வகத்திலிருந்து சார்லஸ் ஸ்மித் எழுதினார். பரீட்சைக்காக மட்டும் வரைந்துகொண்டிருந்த பிரிட்ஜை முதல்முறையாக மல்டிமீட்டர் முனையில் தொட்டுப் பார்த்தேன். எதிரெதிர் முனைகளுக்கு நடுவில் 5 கிலோ ஓம் பக்கம், அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவில் அதில் முக்கால் பங்கு. நாலு மின்தடையும் சமமாக இருந்தால் கணக்கு அப்படித்தான் வரும். அதைக் கையால் அளந்து பார்த்த அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

40 கிலோபாஸ்கல் என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பி.பி. பார்க்கும் கருவியின் பாதரச அளவுகோல் 300 மில்லிமீட்டர் வரை போகும். அதை மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட சரியாக 40 கிலோபாஸ்கல். தண்ணீராகப் பார்த்தால் நாலு மீட்டர் உயரத்துக்குச் சற்று அதிகம். அதனால் சைக்கிள் பம்பையோ மோட்டார் லைனையோ இதில் மாட்டவே கூடாது. சைக்கிள் டயரின் காற்று இதைப்போல் பல மடங்கு.

ஆர்டுயினோவில் நேராகச் சொருகினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். முழு 40 கிலோபாஸ்கலுக்கும் இந்த சென்சார் தருவது 50 முதல் 100 மில்லிவோல்ட். ஊனோ பிரித்துப் பார்க்கும் மிகச் சின்ன படியே 4.88 மில்லிவோல்ட். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 27 செ.மீ. தண்ணீர் ஏறினால்தான் ஒரு எண் நகரும். அதற்குத்தான் எச்எக்ஸ்711. தராசுக்காகச் செய்த 24 பிட் சிப், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது.

எனக்கு இரண்டு நாள் அழுகையே வந்தது இந்த இடத்தில்தான். எல்லா ஒயரும் சரி, புரோகிராமும் சரி, ஸ்க்ரீனில் மட்டும் 83,88,607. ஊதினாலும் அதே எண், சும்மா விட்டாலும் அதே எண். சென்சாரைச் சுட்டுவிட்டோம் என்றே முடிவுகட்டினேன். மறுநாள் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து பிரிட்ஜின் வெளியீட்டு முனைகளை அளந்தேன். எந்த அழுத்தமும் இல்லாமலே 19.2 மில்லிவோல்ட்! டேட்டா ஷீட்டைத் திரும்பப் படித்தால், பூஜ்ஜியத்திலேயே 25 மில்லிவோல்ட் வரை விலகல் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. போர்டு பிரிட்ஜுக்குக் கொடுப்பது 4.3 வோல்ட். அதில் 128 மடங்கு பெருக்கும்போது சிப் தாங்குவது 17 மில்லிவோல்ட்கூட இல்லை. அதனால் எண் உச்சியில் போய் முட்டி அப்படியே நின்றுவிட்டது. ஒயரை எச்எக்ஸ்711இன் இன்னொரு உள்ளீடான பி சேனலுக்கு மாற்றி, பெருக்கத்தை 32 ஆக்கினேன். 24 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கி, ஊதினால் ஏறி, விட்டால் இறங்கியது. நிறைய பேர் இந்த இடத்தில் சென்சாரைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். தயவுசெய்து முதலில் அளந்து பாருங்கள்.

போர்டைப் பற்றி ஒன்று. பச்சை நிற எச்எக்ஸ்711 போர்டுகள் சிலவற்றில் இ மைனஸ் (பிரிட்ஜுக்கு மின்சாரம் தரும் மைனஸ் முனை) கிரவுண்டோடு சேர்ந்திருக்காது. என்னுடையதில் சேர்ந்திருந்தது, தோழியுடையதில் இல்லை. ஒரு சின்ன ஒயர் வைத்துப் பற்றவைத்தோம், சரியாகிவிட்டது. ஒயர் சொருகும் உலோகப் பின்களின் வரிசையும் தனியாகத்தான் வரும், நாமே சால்டர் செய்ய வேண்டும்.

இனி டியூப். என் அப்பா கொத்தனார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மட்டம் பார்க்க அவரிடம் நீளமான டியூப் ஒன்று உண்டு. இதுவரை அதை வேலைச் சாமானாகத்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் மட்டத்தை வைத்து அழுத்தம் அளக்கும் மேனோமீட்டரை வரைந்துகொண்டிருந்த என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டியூப்தானம்மா" என்றார். அவரே அதை யு வடிவில் வளைத்து, வீட்டுச் சுவரில் ஆணி அடித்துக் கட்டினார். தண்ணீரில் சொட்டு நீலம் விட்டார், கண்ணுக்குத் தெரியட்டும் என்று. அளவு டேப்பை நடுவில் ஒட்டினோம். யு-வின் ஒரு முனையில் 20 மில்லி சிரிஞ்சு, மீன் தொட்டிக்கான டி ஜாயின்ட், அதிலிருந்து சென்சார் மூக்குக்கு ஒரு டியூப். மூக்கில் டியூப் லேசாகத் தளர்ந்தது. சைக்கிள் கடையிலிருந்து வால் டியூப் (வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்) வாங்கி உள்ளே கொடுத்த பிறகுதான் இறுகியது.

முதல் வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. நான் புரோகிராமைக் குடைந்துகொண்டிருந்தேன். அப்பா டியூபையே மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டு வந்து, வளைவுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். பயறு அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி. "குமிழி இருந்தா மட்டம் பொய் சொல்லும்மா" என்று நகத்தால் சுண்டினார். நாலைந்து சுண்டில் அது நெளிந்து நெளிந்து மேலே போய் உடைந்தது. அதன்பிறகு எடுத்த வாசிப்பு எல்லாமே நேர்கோட்டில் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிரிஞ்சை அழுத்தும்போது ஒரு பக்கம் 20 செ.மீ. இறங்கும், மறுபக்கம் 20 ஏறும். அழுத்தம் 40 செ.மீ. தண்ணீர், அதாவது இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு செ.மீ.க்கு 98 பாஸ்கல். பூஜ்ஜியத்தில் 24,04,000, 100 செ.மீ.யில் 43,64,000. செ.மீ.க்கு 19,600 எண்கள். கிராஃப் ஷீட்டில் ஆறு புள்ளி வைத்து ஸ்கேல் வைத்தேன், ஆறும் கோட்டில் உட்கார்ந்தன. 90 ரூபாய்ப் பொருளிடம் இவ்வளவு ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை வெயில். எங்கள் வீட்டு முன்னறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். மதியம் இரண்டு மணிக்கும் ராத்திரிக்கும் நடுவில் பூஜ்ஜியம் 3 செ.மீ. அளவு நகர்ந்துவிடுகிறது. அளக்கும் முன் டியூபைக் கழற்றிப் பூஜ்ஜியம் வைத்தால் தொல்லை இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். இரண்டாவது, இது காற்றுக்கு மட்டும்தான். தண்ணீர் மூக்குக்குள் போகக் கூடாது. என் முதல் பீஸ் அப்படித்தான் போனது: சிரிஞ்சை வேகமாக இழுத்தேன், நீலத் தண்ணீர் டியூபில் ஏறி உள்ளே போய்விட்டது. அதன்பின் எண் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. மூன்றாவது, கசிவு. எண் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சென்சாரைத் திட்டாமல் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பி.பி. கருவியின் எல்லையும் இதுவும் ஒன்றுதான் என்பதற்காக வீட்டில் யாருக்கும் இதை வைத்து பி.பி. பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பூஜ்ஜியம் நகர்கிற பொருளை நம்பி உயிர் விஷயத்தில் இறங்கக் கூடாது.

மார்க் வாங்கினதோடு விட்டுவிட மனசு வரவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதுதான் எங்கள் வீட்டின் தினசரிச் சண்டை. சமையலறைச் சுவரிலிருந்து எட்டு மீட்டர் மெல்லிய டியூபைத் தொட்டிக்குள் விட்டு, முனையில் கல் கட்டினேன். தொட்டியில் 90 செ.மீ. தண்ணீர், வாசிப்போ 50ஐத் தாண்டவில்லை. காரணம் பாயில் விதி. எட்டு மீட்டர் காற்றும் அழுத்தத்தில் சுருங்குகிறது, சுருங்கிய இடத்துக்குத் தண்ணீர் டியூபுக்குள்ளேயே ஏறிவிடுகிறது. மூக்குக்குத் தெரிவது உள்ளே ஏறிய மட்டத்திலிருந்து வெளி மட்டம் வரைக்குமான உயரம் மட்டும். அகலமான ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் சொருகி எம்சீல் வைத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மணி மாதிரி இறக்கினேன். இப்போது காற்று சுருங்கினாலும் அகலமான பாட்டிலுக்குள் தண்ணீர் 2 செ.மீ. அளவுதான் ஏறுகிறது. அதை புரோகிராமில் சேர்த்துக்கொண்டேன். இந்த ஒரு திருத்தம்தான் மொத்த புராஜெக்டிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாடத்தில் தனித்தனியாக இருந்த பாயில் விதியும் பிரிட்ஜும் ஒரே டியூபில் வந்து சேர்ந்தன.

காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் வாரம் ஒருமுறை பாட்டிலை வெளியே எடுத்துத் திரும்ப இறக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா மாடிக்குப் போகும்போது அவரே செய்துவிடுகிறார்.

எல்லாம் சேர்த்து, போன பீஸையும் கணக்கில் வைத்தால், 400 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது இதை வாங்கப்போகிறவர்கள் சென்சாரை மட்டும் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். சென்சாருக்கு ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன்.

இன்று காலை தொட்டி மட்டம் 38 செ.மீ. காட்டியது. அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு இட்லிக்கு மாவு ஊற்றினார். 80 வந்ததும் நிறுத்தினார்.