மூஸுக்கு முன்னால் எதை மாட்டுவது: குழாய் கார்ட்டா, முழு பம்பரா?

ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக் ஓடத் தொடங்கும் ட்ரக்காரருக்கு முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். தெற்கு ஒன்ராறியோவின் ஹைவே 401-இல் மட்டும் ஓடும்வரைக்கும், ட்ரக்கின் முகத்தைக் காக்க மாட்டும் கிறில் கார்ட் ஒரு அலங்காரம். சட்பரி தாண்டி ஹைவே 17-இல் ஏறினால் கதை வேறு.

காரணம் மூஸ் என்ற ராட்சத மான். சாதாரண மான் 50 முதல் 100 கிலோ. அடிபட்டால் கிறில் உடையும், ஹெட்லைட் போகும், அநேகமாக ட்ரக் ஓடும். மூஸ் 500 கிலோ வரும், தோள் உயரமே 6 அடி. கால் நீளம் என்பதால் உடம்பின் பாரம் பம்பருக்கு மேலே, நேராகக் கிறிலில் வந்து விழும். அதற்குப் பின்னால் வரிசையாக ஏசி கண்டென்சர், சார்ஜ் எயர் கூலர், ரேடியேட்டர். ரேடியேட்டர் கிழிந்தால் எஞ்சினை நிறுத்தத்தான் வேண்டும். வாவா, வைட் ரிவர் என்ற ஊர்களுக்கு இடையில், போனில் சிக்னல் இல்லாத இடத்தில், மைனஸ் 30-இல் ஹீட்டர் இல்லாமல் காத்திருக்க வேண்டி வரும். கார்ட்டுக்குக் கொடுக்கும் காசை அந்த இரவோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, என்னென்ன இருக்கின்றன? எக்ஸ்-கார்ட் செய்வது போன்ற குழாய் கார்ட் ஒரு வகை. கம்பெனி பம்பர் அப்படியே இருக்கும், கார்ட் அதற்கு முன்னால் நிற்கும். எடை குறைவு, விலை குறைவு, ரேடியேட்டருக்குக் காற்றும் நன்றாகப் போகும். மானுக்கு இது தாராளம். மூஸுக்கு அரைகுறைதான், அதுவும் பக்கவாட்டில் அடித்தால் ஹெட்லைட்டைக் காப்பாற்றாது.

அலி ஆர்க், ஹெர்ட் கம்பெனிகள் செய்யும் வகை முழு பம்பரில் பழைய பம்பரையே கழற்றிவிட்டு, தடித்த அலுமினியத்தில் ஹெட்லைட் வரை அணைத்தபடி ஒன்றை ஏற்றுவார்கள். ‘மூஸ் பம்பர்’ என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். வடக்கு ஒன்ராறியோவில் குளிர்காலத்திலும் ஓடுபவர் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். 401-உம் அமெரிக்காவும் மட்டும் ஓடுபவருக்குக் குழாய் கார்ட் போதும். பலருக்கு அதுகூடத் தேவையில்லை.

எடையில் ஒரு கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்ட் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. 100 கிலோ கார்ட், அச்சிலிருந்து 1.2 மீட்டர் முன்னே, வீல்பேஸ் 6 மீட்டர் என்றால் முன் அச்சில் ஏறுவது 120 கிலோ. டாங்க் நிறைய டீசலோடு முன் அச்சு ஏற்கெனவே 12,000 பவுண்ட் எல்லையை ஒட்டி நிற்கும் ட்ரக்கில், ரோட்டோரத் தராசில் எடை பார்ப்பவர் இதைப் பார்த்துவிடுவார். பெயின்ட் அடித்த சாதாரண ஸ்டீலை நான் தொடவே மாட்டேன். எடையும் கூட, ரோட்டு உப்பில் இரண்டு குளிர்காலத்தில் துருவும் பிடித்துவிடும். அலுமினியத்துக்கும் ஒரு தொந்தரவு உண்டு. ட்ரக்கோடு பிணைக்கும் ஸ்டீல் பிராக்கெட்டில் நேரே உட்காரும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு வெள்ளையாகப் பொரிந்துவிடும். இடையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு போடச் சொல்லுங்கள்.

ஆனால் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது கார்ட்டைச் சாய்க்கும் கீலும் அதன் பூட்டும். கார்ட்டை முன்பக்கம் சாய்க்காமல் ஹூட் திறக்காது, ஹூட் திறக்காமல் காலைச் சோதனை முடியாது. அப்படியானால் அந்தப் பூட்டை வருடத்துக்கு 200, 300 தடவை கழற்றுகிறீர்கள். கடையின் சூட்டில் எல்லாப் பூட்டும் ஒரு விரலில் திறக்கும். ஜனவரி விடியலில் அதே பூட்டுக்குள் சேறும் உப்பும் பனியும் சேர்ந்து கல்லாகிக் கிடக்கும். பனியைக் கரைக்கும் மெதைல் ஹைட்ரேட்டை ஊற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி நான் திறந்த நாட்கள் உண்டு. கையுறை கழற்றாமல் பிடிக்கக்கூடிய பெரிய கைப்பிடி, சாயும் பாரத்தைத் தாங்கும் காஸ் ஸ்ட்ரட், இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

பொருத்தும்போது பிராக்கெட் உங்கள் ட்ரக்கின் மாடல் வருடத்துக்கே உரியதா என்று பாருங்கள். ஃபிரெயிட்லைனர் கஸ்கேடியா ட்ரக் 2018 மாடலில் மாறியது, அதற்கு முந்தையதன் பிராக்கெட்டைக் கொண்டுவந்து இதற்குப் போட முடியாது. பிராக்கெட் சேசிஸ் நுனியில், இருக்கிற துளைகளில்தான் இறங்க வேண்டும். ‘ஒரு துளை போட்டால் சரி’ என்று சேசிஸின் மேல், கீழ் விளிம்பில் டிரில் வைப்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் இறுக்கி, இரண்டு பேர் நின்று மட்டம் பார்த்து, ஹூட்டைத் திறந்து மூடிப் பார்த்த பிறகே டார்க் (torque) ரெஞ்சால் முழுதாக இறுக்க வேண்டும்.

கடைசியாக ரேடார். பல புது ட்ரக்குகளில், முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானாகப் பிரேக் போடும் ரேடார் பம்பர் நடுவில்தான் இருக்கிறது. முதல் ட்ரக்கில் எனக்கு மாட்டிவிட்ட கராஜ்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாரி (Barrie) நகரம் தாண்டுவதற்குள் டாஷில் மஞ்சள் விளக்கு, குரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை. ஒரு குழாய் ரேடாருக்குக் குறுக்கே நின்றது. மாற்றுக் கார்ட்டுக்கும், ரேடாரைத் திரும்ப நேர்படுத்தவும் காசு என் கையிலிருந்துதான் போனது.