கிளிநொச்சியில் காணி வாங்க: ட்ரோன் வீடியோவா, ஊர்த் தரகரா?

போன ஆவணியில் பரந்தனுக்குக் கிட்ட 8 பரப்புக் காணி வாங்கினோம், அரை ஏக்கர். அதற்கு முன் 7 மாதம் இரண்டு வழியிலும் தேடினோம்: போனில் முகநூல், இக்மன் விளம்பரங்கள், நேரில் ஊர்த் தரகர். கடைசியில் தரகர் மூலம்தான் வாங்கினோம். வன்னியில் காணி தேடுகிறவர் யார் கேட்டாலும் அந்த வழியைத்தான் சொல்வேன்.

போன் வழியின் வசதி எல்லோருக்கும் தெரியும். ஒரு இரவில் இருபது காணி பார்க்கலாம், கனடாவில் இருக்கும் தங்கச்சியிடமும் அப்பவே கருத்துக் கேட்கலாம். தரகர் எங்களுக்குக் காட்டியது மொத்தம் ஏழு காணி. தரகுக் காசாக நூற்றுக்கு 3 வாங்கினார்.

ஆனால் இங்கே முதல் கேள்வி விலை அல்ல, கடதாசி. சொந்த உரிமைப் பத்திரம் (உறுதி) உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் (பெர்மிட்) கொடுத்த காணியா? இரணைமடுக் குளத்தை நம்பிய குடியேற்றத் திட்டக் காணிகளில் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பெர்மிட் வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாறினால் அது செல்லாது. காசு போய்விடும், காணி உங்கள் பெயருக்கு வராது.

ஏ9 வீதிக்குக் கிட்ட ஒரு காணியின் வீடியோ எங்களுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. தென்னைகளுக்கு மேலே ட்ரோன் சுற்றுகிறது, எல்லையில் நீலக் கோடு ஓடுகிறது, கீழே ‘தெளிவான ஆவணம்’ என்று எழுத்து. உறுதியைக் கேட்டேன். வட்ஸ்அப்பில் நில அளவை வரைபடம்தான் வந்தது. மூன்றாம் தரம் கேட்ட பிறகு பெர்மிட்டின் படம் வந்தது. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருந்தது. பெயர் விற்பவருடையது அல்ல, காலமான தகப்பனுடையது. அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. “அற்றோர்னித் தத்துவம் எழுதித் தாறம், பிறகு மாத்தலாம்” என்றார்கள், அதாவது தங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம். முற்பணம் போட வங்கிக் கணக்கு இலக்கமும் கூடவே வந்தது.

தரகரிடம் இடத்தைச் சொன்னேன். “தம்பி, அது பெர்மிட். தேப்பன் செத்துப் பேர் மாறேல்லை. மூண்டு பிள்ளையளுக்கும் இழுபறி. விடுங்கோ.” அவ்வளவுதான். எனக்கு மூன்று வாரம் எடுத்த விசயம் அவருக்கு வாயில் இருந்தது.

நாங்கள் வாங்கிய காணியில் மூன்று பங்காளிகள், அதாவது கூட்டு உரிமையாளர்கள். வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி வெளியாருக்கு விற்க முன் பங்காளியிடம் கேட்க வேண்டும். 1947இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. கேட்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம். தரகர் மூன்று வீட்டுக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் பக்கத்து வளவுச் சுவரில் 2018 மார்கழி வெள்ளம் நின்ற கறையையும் காட்டினார், என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. ட்ரோன் வீடியோ எதிலும் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

அதற்காகத் தரகர் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடிப் பார்த்தார், நில அளவையாளர் எல்லைக் கல்லைத் தோண்டிக் காட்டினார். “இன்னொராள் முற்பணத்தோட நிக்கிறார்” என்று தரகர் ஒரு தரம் எங்களையும் அவசரப்படுத்தினார். அந்த இடத்தில் கை கொடுத்தது போன்தான். பக்கத்துக் காணிகளின் விளம்பர விலைகளைக் காட்டித்தான் விலையைக் குறைக்க முடிந்தது.

நான் வாங்கியது ஒரு வீட்டு வளவு மட்டும். வயலோ பெரிய தோட்டக் காணியோ வாங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருந்து வீடியோ பார்த்தே முடிவெடுப்பவர்கள், முற்பணம் போட முன் உறுதியின் எல்லாப் பக்கங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். வரைபடம் மட்டும் வந்தால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.